எழுபத்து மூன்று போதும்: எஸ்.எஸ். பிள்ளையின் எண்ணியல்

பழவேற்காடு ஏரியில் எல்லா இடத்திலும் வலை ஒன்றுபோல் நிறைவதில்லை. முகத்துவாரத்தை ஒட்டி, கடல்நீர் ஏறி இறங்கும் பகுதியில் இறால் நன்றாக விழும். தள்ளிப் போகப் போக வரத்து குறையும். முதலில் போனவருக்கே நல்ல இடம் என்று விட்டுவிட்டால் விடிந்தால் சண்டைதான். அதனால்தான் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் போன்ற மீனவ ஊர்களில் பாடு என்ற ஏற்பாடு தலைமுறைகளாக இருந்துவருகிறது. தலைக்கட்டில் பெயர் உள்ளவர்களுக்கு இன்ன நாள் இன்ன இடம் என்று முறை வரும். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் அடுத்த முறை வேறு இடத்துக்குப் போவார். மீன்வளத்தைப் பற்றி எழுதுபவர்கள் இதை ஊர்க்கட்டுப்பாட்டுக்கு நல்ல உதாரணமாகக் காட்டுவார்கள். அது சரிதான். ஆனால் இதற்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. முறை சுற்றிக்கொண்டே இருந்தால் மட்டும் போதுமா? சுற்றுகிற விதத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தையும் ஒருமுறையாவது தொடுவார்களா?

எந்த ஊரின் நடப்பு விதியையும் சொல்லவில்லை, புரிவதற்காக ஒரு கணக்கு மட்டும் போடுகிறேன். வட்டமாக ஆறு இடங்கள் இருக்கட்டும். ஒருவர் ஒவ்வொரு முறையும் ஓர் இடம் தள்ளிப் போனால் ஆறு முறையில் ஆறையும் பார்த்துவிடுவார். இரண்டு இடம் தள்ளிப் போனால் 1, 3, 5 என்று போய் மறுபடி 1-க்கே வந்துவிடுவார். 2, 4, 6 அவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. வட்டம் இரண்டு தனிச் சுற்றுகளாக உடைந்துவிட்டது. மூன்று இடம் தள்ளினால் மூன்று சுற்றுகள். நான்கு தள்ளினால் மறுபடி இரண்டு. ஐந்து தள்ளினால் ஒரே சுற்று. ஆறு தள்ளினால் ஆளாளுக்கு நின்ற இடத்திலேயே நிற்பார்கள், ஆறு சுற்றுகள். ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற சுற்றுகளின் எண்ணிக்கை, நாம் பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்திதான்: தள்ளும் எண்ணுக்கும் 6-க்கும் பொதுவான மிகப்பெரிய வகுத்தி. இவற்றைக் கூட்டினால் 1, 2, 3, 2, 1, 6 சேர்ந்து 15. இடங்கள் ஏழாக இருந்தால் என்ன ஆகும்? 7 பகா எண். ஒன்று முதல் ஆறு வரை எத்தனை தள்ளினாலும் ஒரே சுற்று. கூட்டுத்தொகை 13 மட்டுமே. இடம் ஒன்று கூடியும் கூட்டுத்தொகை குறைந்துவிட்டது. இந்தக் கூட்டுத்தொகை எந்த எண்ணுக்கு எப்படி மாறும் என்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த ஒருவர் 1933-இல் ஒரு கட்டுரை எழுதினார். 2-க்கான விடை 3, 3-க்கான விடை 5, இரண்டையும் பெருக்கினால் 6-க்கான விடை 15. பொது வகுத்தி இல்லாத எண்களை எடுத்தால் விடைகளும் இப்படியே பெருகும். இத்தாலியரான செசாரோ 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கூட்டலைத் தொட்டிருந்தார். ஆனாலும் இன்று கணித உலகம் அதைப் பிள்ளையின் சார்பு என்றே அழைக்கிறது.

அந்தப் பிள்ளை, சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901 ஏப்ரல் 5-இல் குற்றாலத்துக்குப் பக்கத்திலுள்ள வல்லத்தில் பிறந்தவர். ஒரு வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் தந்தையும் போய்விட்டார். ஓர் ஆசிரியர் தன் கைப்பணத்தைக் கொடுத்துப் படிக்க வைத்திராவிட்டால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திருக்காது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் எண்ணியல் என்று சொன்னால் ராமானுஜன் பெயர் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். ராமானுஜனின் பெருமையில் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறைக்க எனக்கு நோக்கமில்லை. நான் சொல்ல வருவது வேறு. ராமானுஜனை நாம் அதிசயமாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். அதிசயத்தைக் கும்பிடலாம், பின்தொடர முடியாது. பிள்ளையின் கணிதம் பின்தொடரக்கூடியது. அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிய வைக்கலாம். விடைகளின் பாதிப்பகுதியை ஒரு தாளில் போட்டுச் சரிபார்க்கலாம். மீதிப் பாதி ஏன் கடினம் என்பதையும் விளங்க வைக்கலாம். எண்ணியல் எப்படி நடக்கிறது என்று தமிழ் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பிள்ளையின் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்பது என் வாதம். அவரை நாம் மறந்ததற்கும் கணிதத்தை வியப்பாகவே பார்த்துப் பழகியதற்கும் தொடர்பு உண்டு என்றும் நினைக்கிறேன்.

அவருடைய மிகப்பெரிய வேலை வாரிங் கணக்கு. 1770-இல் இங்கிலாந்தின் எட்வர்டு வாரிங் ஒரு கூற்றை எழுதினார்: எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாகவோ, ஒன்பது கனங்களின் கூட்டலாகவோ, பத்தொன்பது நான்காம் அடுக்கு எண்களின் கூட்டலாகவோ எழுதிவிடலாம், மேலுள்ள அடுக்குகளுக்கும் இப்படியே. நிரூபணம் எதையும் அவர் தரவில்லை. வர்க்கத்துக்கு அதே ஆண்டில் லாக்ராஞ்சு நிரூபித்தார். மற்றவை ஒன்றரை நூற்றாண்டு போல் அப்படியே கிடந்தன. 1909-இல் ஹில்பர்ட், எந்த அடுக்கை எடுத்தாலும் இத்தனை போதும் என்று ஓர் எண் இருந்தே தீரும் என்று காட்டினார். அது எந்த எண் என்பதை அவருடைய நிரூபணம் சொல்லவில்லை. பிள்ளை எடுத்துக்கொண்ட வேலை அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது.

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு எண்ணை ஆறு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். 1-க்கு 1, 2-க்கு 64, 3-க்கு 729, 4-க்கு 4096. இப்போது 703 என்ற எண்ணை இவற்றைக் கொண்டே கட்ட வேண்டும். 729 பெரியது, உதவாது. கையில் இருப்பவை 64-உம் 1-உம் மட்டும்தான். 64-ஐ அதிகபட்சம் பத்து முறை போடலாம், 640 ஆகும். பதினோரு முறை போட்டால் 704, ஒன்று கூடிவிடும். மீதி 63-ஐ ஒன்றுஒன்றாகத்தான் நிரப்ப வேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் எழுபத்து மூன்று. 703 வேண்டுமென்றே பொறுக்கிய எண். 64-இன் மடங்குக்கு ஒன்று குறைவாக, 729-ஐத் தொடாமல் நிற்பது. எந்த அடுக்கிலும் இப்படி ஒரு முரட்டு எண்ணைக் கண்டுபிடிக்கலாம். கனத்துக்கு 23: இரண்டு எட்டும் ஏழு ஒன்றும் சேர்ந்து ஒன்பது. நான்காம் அடுக்குக்கு 79: நான்கு பதினாறும் பதினைந்து ஒன்றும் சேர்ந்து பத்தொன்பது. வாரிங் சொன்ன 9-உம் 19-உம் இங்கிருந்து வந்தவைதான் என்று தோன்றுகிறது. பொதுவிதியும் எளிது. 3-இன் அடுக்கை 2-இன் அதே அடுக்கால் வகுத்து, வரும் ஈவில் பின்னத்தை விட்டுவிடுங்கள். அதோடு 2-இன் அடுக்கைக் கூட்டி, 2-ஐக் கழியுங்கள். ஆறாம் அடுக்குக்கு 11, 64, கழித்தல் 2; 73. இத்தனை எண்ணிக்கைக்குக் குறைந்தால் போதாது என்பது இதோடு உறுதியாகிவிட்டது. இத்தனை இருந்தால் எல்லா எண்ணுக்கும் போதும் என்பதை யார் நிரூபிப்பது?

இங்கேதான் வேலை தொடங்குகிறது. எண்களுக்கு முடிவில்லை; ஒவ்வொன்றாகப் பார்த்து மாளாது. மிகப்பெரிய எண்களுக்கு ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. பிரிவினைகளைப் பற்றி ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் எழுதிய கட்டுரையில் முளைத்து, ஹார்டியும் லிட்டில்வுட்டும் வளர்த்து, 1930-களின் நடுவில் ரஷ்யாவின் வினோகிராதவ் கூர்மையாக்கிய முறை அது. குறிப்பிட்ட ஒரு ராட்சத எண்ணுக்கு மேல் உள்ள எல்லாவற்றுக்கும் விதி சொல்வதைவிடக் குறைவான எண்ணிக்கையே போதும் என்று அது காட்டிவிடும். ஆனால் அந்த ராட்சத எண்ணுக்குக் கீழே இருப்பவையோ எந்த இயந்திரமும் எண்ணி முடிக்க முடியாதவை. அதற்கு இன்னொரு உத்தி. ஒரு சின்ன இடைவெளியில் உள்ள எல்லா எண்களையும் இத்தனை ஆறாம் அடுக்குகளால் எழுத முடியும் என்று கையால் சரிபார்த்துவிட வேண்டும். அந்த இடைவெளிக்கு மேலே உள்ள ஓர் எண்ணிலிருந்து பொருத்தமான ஓர் ஆறாம் அடுக்கைக் கழித்தால் அது பழைய இடைவெளிக்குள் வந்து விழும். ஆக, கூடுதலாக ஒரே ஓர் அடுக்கை அனுமதித்தால் இடைவெளி முன்னைவிட வெகுதூரம் நீள்கிறது. இன்னொன்றை அனுமதித்தால் இன்னும் தூரம். ஒவ்வொரு படிக்கும் எல்லை எண்ணின் இலக்கங்கள் ஏறத்தாழ ஐந்துக்கு ஆறு என்ற அளவில் கூடும். இப்படி ஏறி ஏறி வினோகிராதவின் ராட்சத எண்ணைத் தொட்டுவிட்டால் நிரூபணம் முடிந்தது.

தொட முடியுமா என்பதுதான் கேள்வி. ஏனென்றால் செலவழிக்கக் கையில் இருப்பது 73 மட்டும். இதில் பெரிய அடுக்குகள் எளிது, சிறிய அடுக்குகள்தான் கடினம் என்ற விசித்திரம் இருக்கிறது. ஏழாம் அடுக்குக்கு விதி தருவது 143, அதற்கு மேல் அடுக்குக்கு அடுக்கு சுமார் இரு மடங்கு. ஏறுவதற்குத் தாராளமாக இடமுண்டு. கீழே வர வர 73, 37, 19 என்று சுருங்கிவிடும். 1936-இல் ஆறுக்கு மேற்பட்ட அடுக்குகளுக்கான கணக்கை அமெரிக்காவின் டிக்சனும் பிள்ளையும் தனித்தனியே ஏறத்தாழ முழுமையாக முடித்தார்கள். விட்டுப்போன ஒரு சிறு நிலையை 1940-களில் ருபுகுண்டேயும் ஐவன் நிவனும் தீர்த்தார்கள். ஆறாம் அடுக்கை 1940-இல் பிள்ளை தனியாகத் தீர்த்தார்: 73 போதும். ஐந்தாம் அடுக்கின் 37-க்கு 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சீனாவின் சென் சிங்ருன் முடித்தார். நான்காம் அடுக்கின் 19, வாரிங் எழுதி 216 ஆண்டுகள் கழித்து 1986-இல்தான் தீர்ந்தது. தீர்த்த மூவரில் ஒருவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்ரமணியன், மற்ற இருவர் பிரான்சின் தெஸூயே, திரெஸ். கணினியும் புது உத்திகளும் வந்த பிறகும் 19-க்கு இத்தனை காலம் பிடித்தது என்றால், 1940-இல் சிதம்பரத்தில் உட்கார்ந்து தாளும் பேனாவுமாக 73-ஐ முடித்தது எப்பேர்ப்பட்ட வேலை என்று அளந்துகொள்ளலாம்.

இதற்கு மறுப்பு உண்டு. கடினமான ஆயுதம் வினோகிராதவுடையது. ஏறும் உத்தி டிக்சனும் கையாண்டது. பிள்ளை இரண்டையும் சேர்த்தார், அவ்வளவுதானே என்று ஒருவர் கேட்கலாம். வினோகிராதவின் முறை இல்லாமல் பிள்ளையால் இதைச் செய்திருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த முறை கையில் இருந்த எல்லோரும் 73-ஐ எட்டவில்லையே. ராட்சத எண்ணை இன்னும் கீழே இறக்க வேண்டும், தொடக்க இடைவெளியை இன்னும் சிக்கனமாகக் கட்ட வேண்டும், இரண்டும் நூலிழையில் சந்திக்க வேண்டும். அந்தக் கடைசிச் சிக்கனத்தை அற்பம் என்று சொல்பவர்கள் கணிதத்தில் பாதியை அற்பம் என்று தள்ள வேண்டிவரும். டிக்சனைப் பொறுத்தவரை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெரிய பேராசிரியர் அவர், எண்ணியலின் வரலாற்றையே மூன்று தொகுதிகளாக எழுதியவர். பிள்ளையின் கட்டுரைகளில் பல வந்தது அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழிலும் இந்தியக் கணிதக் கழக இதழிலும். அத்தகைய இருவர் ஒரே ஆண்டில் ஒரே இடத்தை வந்தடைந்தார்கள் என்றால், பங்கு பிரிந்ததே என்று வருந்த எனக்குத் தோன்றவில்லை. சிதம்பரம் சிகாகோவுக்குச் சமமாக நின்றது என்பதைத்தான் நான் அதில் பார்க்கிறேன்.

பிள்ளையை வாரிங் கணக்கோடு நிறுத்திவிட்டால் அவரைப் பாதிதான் சொன்னதாகும். அவர் மனம் திரும்பத் திரும்பப் போன இடம் ஒன்று உண்டு: 2-இன் அடுக்கும் 3-இன் அடுக்கும் எவ்வளவு நெருங்கி வரலாம்? 703 கணக்கிலேயே அது ஒளிந்திருக்கிறது. 729-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 25. இந்த மீதி வகுக்கும் எண்ணை அளவுக்கு மீறி நெருங்கிவிட்டால் மேலே சொன்ன எளிய விதி உடைந்துவிடும். ஈவையும் மீதியையும் கூட்டினால் 2-இன் அடுக்கைத் தாண்டக் கூடாது. இங்கே 36, 64-ஐத் தாண்டவில்லை, நல்லது. எல்லா அடுக்குக்கும் இப்படியே இருக்குமா? 1957-இல் மாலர், உடையும் அடுக்குகள் இருந்தாலும் எண்ணி முடிக்கக்கூடிய அளவில்தான் இருக்கும் என்று நிரூபித்தார். கணினியில் 47 கோடி அடுக்குகளுக்கு மேல் பார்த்தாகிவிட்டது, ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்று நிரூபிக்க இன்றுவரை ஆளில்லை. அந்த இழை அறும்வரை வாரிங் கணக்கு முற்றாக முடிந்ததென்று சொல்ல முடியாது.

இதே கேள்வியைப் பிள்ளை நேராகவும் எடுத்துக்கொண்டார். 2-இன் ஓர் அடுக்கிலிருந்து 3-இன் ஓர் அடுக்கைக் கழிக்கலாம். 8-இல் 3 போனால் 5. 32-இல் 27 போனாலும் 5. 16-இல் 3 போனால் 13. 256-இல் 243 போனாலும் 13. ஒரே வித்தியாசம் இரண்டு முறை வருகிறது. 13-க்கு மேல் இது நடக்காது என்று பிள்ளை கருதினார். பொது வகுத்தி இல்லாத எந்த இரண்டு எண்களின் அடுக்குகளை எடுத்தாலும், வித்தியாசம் போதிய அளவு பெரிதாகிவிட்டால் அது இரண்டாம் முறை வராது என்பதை அவர் 1936-இல் நிரூபித்துவிட்டார். ‘போதிய அளவு’ என்றால் எவ்வளவு என்று சொல்ல அன்றைய கணிதத்தில் கருவி இல்லை. 1966-இல் ஆலன் பேக்கர் அந்தக் கருவியைச் செய்தார், அதற்காகப் பின்னர் பீல்ட்ஸ் பதக்கமும் பெற்றார். அதைக்கொண்டு 1982-இல் ஸ்ட்ரோக்கரும் டைட்மனும் பிள்ளையின் 13 சரிதான் என்று காட்டினார்கள். கருவி பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, விடை இந்த எண்ணில் நிற்கும் என்று கண்டு வைத்த கண் பிள்ளையுடையது. இதை உள்ளுணர்வு என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அடுக்குகளை வரிசையாக எழுதிப் பார்த்து, எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்று பல காலம் உடனிருந்தவருக்கு வரும் பழக்கம் அது.

அந்தப் பழக்கத்தின் அழகைக் காட்ட இன்னொன்று. அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுங்கள். அவற்றில் ஏதேனும் ஓர் எண்ணாவது மற்ற எதனுடனும் பொது வகுத்தி இல்லாமல் தனித்து நிற்குமா? எடுத்த எண்கள் 16 அல்லது அதற்குக் குறைவு என்றால், எங்கிருந்து தொடங்கினாலும் அப்படி ஓர் எண் கட்டாயம் இருக்கும் என்று 1940-இல் பிள்ளை நிரூபித்தார். 17 என்றால் கதை மாறுகிறது. 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களைப் பாருங்கள். இரட்டைப்படை எண்கள் எல்லாம் 2-ஐப் பகிர்ந்துகொள்கின்றன. ஒற்றைப்படையில் 2187, 2193, 2199 மூன்றும் 3-ஆல் வகுபடும். 2185-உம் 2195-உம் 5-ஆல் வகுபடும். 2191, 7-இன் மடங்கு, 2184-உம் அப்படியே. 2189, 11-இன் மடங்கு, 2200-உம் அப்படியே. மிஞ்சியது 2197. அது பதின்மூன்றின் கனம். தப்பிவிடும் போலத் தோன்றும். ஆனால் சரியாகப் பதின்மூன்று இடம் தள்ளி 2184 இருக்கிறது, அதுவும் 13-இன் மடங்கு. பதினேழில் ஒன்றுகூடத் தனித்து நிற்கவில்லை. 17 முதல் 430 வரை எத்தனை எண்களை எடுத்தாலும் இப்படி ஒரு வரிசை கிடைக்கும் என்று பிள்ளை காட்டினார்; அதற்கு மேலும் அப்படியே என்பதை 1941-இல் ஆல்பிரட் பிரவர் முடித்துவைத்தார். அடுத்தடுத்த எண்களைப் பெருக்கினால் ஒரு முழு வர்க்கமோ கனமோ வருமா என்ற பழைய கேள்விக்காகத்தான் பிள்ளை இதைத் தொட்டார். பதினாறு எண்கள் வரை வராது என்று அவருக்குக் கிடைத்தது. எத்தனை எண்கள் எடுத்தாலும் வராது என்பதை ஏர்டிஷும் செல்ஃபிரிட்ஜும் 1975-இல் நிரூபித்தார்கள்.

இவ்வளவும் சரி, இதனால் யாருக்கு என்ன பயன் என்று வாசகர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். எண்ணியலுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் வழக்கமாக இணைய வங்கிக் கணக்கின் பாதுகாப்பைக் காட்டுவார்கள். 1977-இல் வந்த ஆர்எஸ்ஏ முறை பகா எண்களையும் மீதிகளையும் நம்பியே இயங்குகிறது என்பது உண்மை. ஆனால் அது நிற்பது 18ஆம் நூற்றாண்டு ஆய்லரின் தேற்றத்தின் மேல். பிள்ளையின் 73-ஐ வைத்து யாரும் பூட்டுச் செய்யவில்லை. இல்லாத பயனை ஏற்றிச் சொல்லி அவரைக் காப்பாற்ற நான் விரும்பவில்லை. பயன் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு முறை நியாயமானதா, எல்லோரையும் எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறதா என்று கேட்பதும், விதிவிலக்கே இல்லை என்று உறுதியாகத் தெரியும்வரை விடாமல் இருப்பதும் ஒரே மனப்பழக்கம். ‘நூறு தடவை பார்த்தோம், சரியாக வந்தது’ என்பதற்கும் ‘எப்போதும் சரியாக வரும்’ என்பதற்கும் உள்ள தூரத்தை 16-உம் 17-உம் காட்டுவதுபோல் வேறெதுவும் பளிச்சென்று காட்டாது. பதினாறு வரை தவறாமல் நின்ற விதி பதினேழில் சரிகிறது. இதைப் பன்னிரண்டு வயதில் கையால் போட்டுப் பார்த்த ஒரு பிள்ளை, கண்டதையெல்லாம் நம்பிவிடாது. நம் பாடநூல்களில் ராமானுஜனின் டாக்சி எண் 1729 இருக்கிறது, இருக்கட்டும். அதன் பக்கத்தில் 703-ஐயும் 2184-ஐயும் வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பிள்ளைகள் உட்கார்ந்து போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குகள் அவை.

பிள்ளை தனியாக முளைத்தவர் அல்லர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சென்னையில் அவருக்கு வழிகாட்டியவர் கே. ஆனந்த ராவ். கேம்பிரிட்ஜில் ராமானுஜன் இருந்த காலத்தில் அங்கே படித்தவர், ஹார்டியின் மாணவர், திரும்பி வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானவர். விஜயராகவன், மீனாட்சிசுந்தரம், சந்திரசேகரன் என்று ஒரு தலைமுறையே அவரிடமிருந்து கிளம்பியது. வைத்தியநாதசுவாமியும் பிள்ளைக்குத் துணையிருந்தார். எஸ். சௌலாவுடன் சேர்ந்து 1930-லேயே லண்டன் கணிதக் கழக இதழில் பிள்ளையின் கட்டுரை வந்தது. ராமானுஜனைப் பற்றி நாம் சொல்லும் கதையில் ஆசிரியருக்கும் நூலகத்துக்கும் சக மாணவருக்கும் இடம் குறைவு. பிள்ளையின் கதையில் அவை இல்லாமல் ஒன்றுமில்லை. ஒரு சமூகம் தன் பிள்ளைகளில் கணித அறிஞர்கள் வர வேண்டும் என்று விரும்பினால் ஏற்படுத்தித் தரக்கூடியவையும் இவைதான். அதிசயப் பிறவியை யாரும் ஏற்பாடு செய்ய முடியாது.

1941-இல் அவர் திருவனந்தபுரம் போனார். அடுத்த ஆண்டு, அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த லெவியின் அழைப்பில் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு. 1950-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் அவரை ஓராண்டுக்கு அழைத்தது. வழியில் ஹார்வர்டில் உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ள இருந்தார். ஆகஸ்ட் 31 அதிகாலை, அவர் ஏறிய டிடபிள்யூஏ விமானம் கெய்ரோவிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவருக்கு 49 வயது. மாநாடு அதற்கு முந்தின நாள்தான் தொடங்கியிருந்தது. அவருடைய கட்டுரைகளை முழுமையாகத் திரட்டி பாலசுப்ரமணியனும் தங்கதுரையும் பதிப்பித்த இரு தொகுதிகள் வர அறுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை, பழைய பல்கலைக்கழக இதழ்களின் கட்டுகளைத் தேடிப் போனவர்களுக்கு மட்டும்தான் அவர் கிடைத்தார்.

அவர் விட்டுச்சென்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. வர்க்கம், கனம், மேலும் உயர்ந்த அடுக்கு என எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128 என்று போகும். 8-க்கும் 9-க்கும் இடையே வித்தியாசம் 1. இது வேறெங்கும் வராது என்று 1844-இல் கத்தலான் ஊகித்ததை 2002-இல் மிஹைலெஸ்கு நிரூபித்தார். பிள்ளை கேட்டது இன்னும் பெரியது: 1 மட்டுமில்லை, எந்த வித்தியாசத்தை எடுத்தாலும் அது இந்த வரிசையில் சில தடவைகளே வரும், முடிவின்றி வந்துகொண்டிருக்காது. 25-க்கும் 27-க்கும் இடையே 2. 125-க்கும் 128-க்கும் இடையே 3. 4-ஓ 4-க்கும் 8-க்கும் இடையே ஒருமுறை, 32-க்கும் 36-க்கும் இடையே ஒருமுறை, 121-க்கும் 125-க்கும் இடையே ஒருமுறை. 1-ஐத் தவிர எந்த வித்தியாசத்துக்கும் இதுவரை நிரூபணம் இல்லை. 1985-இல் எழுந்த, இன்று எண்ணியலின் மையத்தில் நிற்கும் ஏபிசி ஊகம் உண்மையானால் பிள்ளையின் ஊகமும் தானாகவே உண்மையாகும் என்பது தெரியும். அந்த ஏபிசியும் தீர்ந்தபாடில்லை. 6 என்ற வித்தியாசத்தை எடுத்துக்கொண்டால் அதுவும் இல்லை: வித்தியாசம் 6 உள்ள இரண்டு அடுக்கு எண்களை இதுவரை யாரும் கண்டதில்லை, அப்படி இல்லவே இல்லை என்று யாரும் நிரூபித்ததும் இல்லை.